அது சோளம் இல்லை, ஏட்டையா

ஜனவரி 14, செவ்வாய்

இன்று காலையும் இவர் தானியக் குதிருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். வந்தது காஸ் சிலிண்டர் வண்டி.

கஞ்சா பயிரிட்டதற்காகத் தேடப்பட்டவர்கள் எல்லாரும் இனி வீட்டில் இருக்கலாம் என்று மன்னர் மன்னித்தது போன ஆகஸ்டில். பாதி வாழ்க்கையைத் தேவதாருக் காட்டிலும் ஆட்டுக் கொட்டகையிலும் கழித்த என் வீட்டுக்காரர் அயாஷி இப்போது சட்டப்படி சுதந்திர மனிதர். ஆனால் இன்ஜின் சத்தம் காதில் விழுந்தால் சட்டமெல்லாம் மறந்துபோகிறது. கால் தானாகக் குதிர் பக்கம் ஓடுகிறது.

காஸ்காரர் கேட்டார், "அண்ணன் இல்லையாக்கா?"

"ஊர்ல இல்லப்பா, தேத்துவான் போயிருக்காரு."

நான் யோசிக்கவே இல்லை. வாய் தன் பாட்டுக்குச் சொல்லிவிட்டது. குதிருக்குப் பின்னாலிருந்து ஒரு தும்மல். எத்தனை முறை பெருக்கினாலும் அங்கே தூசி போவதில்லை. காஸ்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டே காசை வாங்கிப்போனார். நல்ல மனுஷன்.

கஞ்சா என்று மேலே எழுதியிருக்கிறேன். எழுதக் கை கூசியது, ஆனாலும் எழுதிவிட்டேன். வாயால் இதுவரை சொன்னதே கிடையாது. எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே இதையும் பழகிவிடும் - ஷூ போட்டவன், அதாவது போலீஸோ வெளியாளோ, கேட்டால் அது சோளம்.


ஜனவரி 20

பாலத்துக்கு அந்தப் பக்கம் தகரக் கூரை போட்டு ஒரு கட்டடம் எழும்பியது அல்லவா, அது தொழிற்சாலையாம். நம்ம செடியிலிருந்து மருந்துக்கு எண்ணெய் எடுக்கப் போகிறார்கள். அரசாங்க அனுமதி, கம்பி வேலி, கேமரா. வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். மாதச் சம்பளம், இன்சூரன்ஸ்.

இவர் கேட்டுவிட்டு, "நம்ம பொழப்ப அரசாங்கம் எடுத்துகிச்சு. இனிமே திருடங்க எங்க போறது?" என்றார்.

அனுமதி வாங்கி நாமே பயிரிடலாம்தான். ஆனால் நிலத்தின் பத்திரம் இவருடைய தாத்தா பெயரில் இருக்கிறது, தாத்தா கல்லறையில் இருக்கிறார். அது தீர்வதற்குள் நாமும் அங்கே போய்ச் சேர்ந்துவிடுவோம்.

"நோன்புப் பெருநாள் வரைக்கும் பாக்கறேன்," என்றார். "அதுக்குள்ள இந்த வீட்டுக்கு ஒரு சம்பளம் வரலன்னா பழையபடி விதைச்சிடுவேன்."

விதைத்தால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். மன்னிப்பு திரும்பத் திரும்ப வராது. திரும்பவும் காடு. திரும்பவும் நான் ஒருத்தி, காலியான படுக்கை, வாசலில் போலீஸ் வண்டி.

இவர் வீட்டில் இருப்பது பெரிய தொல்லைதான். சர்க்கரை டப்பாவை இடம் மாற்றுகிறார். கோழிகளுக்குப் புத்தி சொல்கிறார். ரொட்டி சுட்டால் பக்கத்தில் நின்று திருப்பு திருப்பு என்கிறார். ஆனாலும் பக்கத்தில் ஒரு ஆள் குறட்டை விட, அதைத் திட்டிக்கொண்டே தூங்குவது எவ்வளவு நிம்மதி. இதை அவரிடம் சொல்லமாட்டேன், தலைக்கு ஏறிவிடும்.

வேலைக்கு நான் போகிறேன். வண்டிச் சத்தம் கேட்டால் ஓடுகிறவரை எந்தத் தொழிற்சாலை சேர்த்துக்கொள்ளும்?


பிப்ரவரி 11

எல்லாம் போச்சு.

ஒரு வாரமாகக் கோழிகளுக்கு முன்னால் நின்று ஒத்திகை பார்த்தேன். "எனக்கு அனுபவம் இருக்கு. விதைக்கறதுலேருந்து காயவெக்கற வரைக்கும் எல்லாம் தெரியும்." கோழிகள் நம்பின. தலைக்குப் புது முண்டாசு கட்டிக்கொண்டு போனேன்.

ஆள் எடுப்பவள் ஜிஹான் என்று ஒரு பெண். காஸாபிளாங்கா ஊர்க்காரி. கண்ணாடியைக் கண்ணில் போடாமல் தலைமேல் போட்டிருந்தாள். அதுகூடப் பரவாயில்லை, காலில் ஷூ. அதுதான் வினை. மேஜைமேல் ஒரு தொட்டி, அதில் நம்ம செடி.

"அக்கா, இது என்ன செடின்னு தெரியுமா?"

பதில் தொண்டை வரைக்கும் வந்தது. சத்தியமாக வந்தது.

"புதினாவா இருக்கும்," என்றேன்.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "புதினாவா?"

"கொத்தமல்லியோ என்னவோ. எங்களுக்கு என்னம்மா தெரியும், நாங்க சோளம் போடறவங்க."

வாய் இப்படிச் சொல்லிக்கொண்டிருக்க, கை என்ன செய்தது தெரியுமா? பழுத்த இலையைக் கிள்ளி எறிந்தது. விரலால் மண்ணை அழுத்திப் பார்த்தது. தொட்டியைத் தூக்கி ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தது. ஒரே உடம்பில் இருந்துகொண்டு இரண்டும் ஒன்றுக்கொன்று துரோகம்.

அவள் 'அனுபவம் இல்லை' என்று எழுதியதைத் தலைகீழாகவே படித்தேன்.

இவரிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "புதினாவாம், ஐயோ புதினாவாம்" என்று தரையைத் தட்டினார். தட்டை எறிந்தேன். படவில்லை.


பிப்ரவரி 12

நான் மட்டும் இல்லை என்பதில் ஒரு ஆறுதல்.

பக்கத்து வீட்டு மென்னானா சொல்கிறாள், "நான் மருதாணின்னு சொன்னேன்க்கா. கிட்டத்தட்ட அந்த ஜாடைதானே?" துளி ஜாடை கிடையாது. ஹம்மாதி, நம்ம செடியில் ஐரோப்பா வரைக்கும் பெயர் போன கை அவருடையது, தொட்டியைப் பார்த்து, "முதல்முதலா பாக்கறேன், அழகா இருக்கே, ஜோடனைக்கா?" என்று கேட்டிருக்கிறார். அவருடைய தம்பி இன்னும் ஒரு படி மேலே. தனக்குக் கண்ணே தெரியாது என்று சொல்லிவிட்டு வெளியே வந்து மோட்டார் சைக்கிளை உதைத்து ஓட்டிக்கொண்டு போனாராம்.

'இந்தப் பள்ளத்தாக்கில் இந்தச் செடியைப் பற்றி அறிந்தவர் ஒருவரும் இல்லை' என்று கம்பெனி முடிவு கட்டிவிட்டதாம். வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவரப் போகிறார்கள்.

ஊர் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்தால், இவர் பரணிலிருந்து விதை மூட்டையை இறக்கிவைத்துப் பூச்சி பார்த்துக்கொண்டிருக்கிறார்.


பிப்ரவரி 18, செவ்வாய்

சந்தையில் ஜிஹானைப் பார்த்தேன். ஆட்டுப் பாலாடைக்கட்டிக்குக் கேட்ட விலையைக் கொடுக்கப் போனாள். பொறுக்கவில்லை, நடுவில் புகுந்து பாதியாகக் குறைத்தேன்.

அந்த நன்றியோ என்னவோ, ஓரமாகக் கூட்டிப்போனாள். "அக்கா, அன்னைக்கு உங்க கை பேசினத நான் பாத்தேன். ஆனா கை சொன்னதையெல்லாம் எழுதினா எங்க மேனேஜர் ஒத்துக்க மாட்டாரு."

நாற்றங்காலுக்கு ஒரு பெண் மேஸ்திரி வேண்டுமாம். எனக்கு அனுபவம் உண்டு என்று பொறுப்பான ஒரு ஆள் நேரில் வந்து சொன்னால் மறுபடி கூப்பிட்டுப் பார்ப்பார்களாம். பெருநாளுக்குள்.

பொறுப்பான ஆள் என்றால் யார்? இவர் வந்து சொன்னால் போலீஸ் தேடிய ஆள் போலீஸுக்குப் பயந்த ஆளுக்குச் சாட்சி. மசூதி இமாம் நல்லவர், ஆனால் நான் பொய்யே சொல்லாதவள் என்று ஆரம்பிப்பார், அப்புறம் நான் சொன்ன புதினாவும் உண்மையாகிவிடும். ஊரில் மற்ற எல்லாரும் மருதாணிக் கட்சி.

என் கொல்லையை வருஷா வருஷம் கிட்டத்தில் வந்து பார்த்த வெளி ஆள், சர்க்கார் ஆள், ஒருவர்தான் இருக்கிறார். அவரிடமா போய் நிற்பது?


பிப்ரவரி 25

போய்விட்டு வந்தேன். ஏட்டு பூஷைப்பிடம்.

எங்கோ கடற்கரை ஊரிலிருந்து மாற்றலாகி வந்து, எங்கள் பக்கத்துப் பெண்ணைக் கட்டி, ஓய்வு பெற்ற பிறகும் திரும்பிப் போகாதவர். சந்தைச் சாலையில் இப்போது டீக்கடை வைத்திருக்கிறார். பதவியில் இருந்தபோது கோடை வந்தால் என் வீட்டுக்காரரைத் தேடி வீட்டுக்கு வருவார். நான் டீ கொடுப்பேன். கொல்லையில் பச்சையாக என்ன என்று கேட்பார், சோளம் என்பேன். வீட்டுக்காரர் எங்கே என்பார், தேத்துவான் என்பேன். குடித்துவிட்டுக் கிளம்புவார். நான் கதவைச் சாத்திக்கொண்டு சிரிப்பேன். இந்த மலையிலேயே ஏட்டை ஏமாற்றியவள் நான்தான் என்று எனக்கு எவ்வளவு கர்வம்.

"உடுப்பு மாறினாலும் உங்க மீசை மாறல, ஏட்டையா," என்று ஆரம்பித்தேன்.

"நீ சும்மா புகழ மாட்டியே ரஹிமு. என்ன வேணும்?"

"எனக்குத் தோட்ட வேலை நல்லா வரும்னு நீங்க தொழிற்சாலைல வந்து சொல்லணும்."

"எந்தத் தோட்டம்?"

"கொல்லைத் தோட்டம்."

"அங்க சோளம்ல போட்டிருந்த."

கெட்டிலைத் துடைத்துக்கொண்டே அவர் சொன்னார், "சோளத்துல அந்த வாசனை வருமாம்மா? மீசைக்கு மேல எனக்கு மூக்குன்னு ஒண்ணு இருக்கு. உன் வீட்டுக்காரன் குதிருக்குப் பின்னாடி தும்மறதும் கேட்கும். நீ வேற ஒவ்வொரு தடவையும் பூனைக்குச் சளின்னு சொல்லுவ."

என் இத்தனை வருஷக் கர்வமும் அந்த டீக்கடைத் தரையில் சரிந்தது.

"தெரிஞ்சும் ஏன் விட்டீங்க?"

"மேலதிகாரி என்னயும் கேட்டாரு, என்னய்யா பச்சையா தெரியுதுன்னு. சோளம்னேன். உன்கிட்ட கத்துகிட்டதுதான். இந்த மலைல நான் எழுதின சோளத்த அரைச்சா ஸ்பெயினுக்கே ரொட்டி சுடலாம்."

வந்து சொல்கிறேன் என்றார். ஆனால் ஒரு நிபந்தனை. காசு கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். இல்லை.

"என் மூஞ்சியப் பாத்து அத்தன பொய் சொன்ன வாய்தானே இது? இதே வாயால ஒரே ஒரு தடவ உண்மையச் சொல்லு. அது சோளம் இல்லன்னு. எனக்கு அது போதும்."

வாயைத் திறந்தேன். மூடினேன். மறுபடி திறந்தேன்.

"டீல சர்க்கரை கம்மி," என்றேன்.


பிப்ரவரி 26

வராது. சத்தியமா என் வாயில் அது வராது.


மார்ச் 6

நோன்பு. மதியத்துக்குமேல் ஊரில் ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இவருக்குப் புகைக்குழாய் இல்லாமல் மண்டை வெடிக்கிறது. வெடிக்கிற மண்டையோடு மண்வெட்டி தீட்டுகிறார்.

"பெருநாள் இன்னும் வரல," என்றேன்.

"மழை பெருநாள் பாத்தா வரும்? மண்ணு இப்பதான் பதமா இருக்கு."

"திரும்ப காட்டுக்குப் போகணும்னு ஆசையா?"

"காடு எனக்குப் பழகினதுதான். இங்கதான் பழகல."

எப்படிச் சொல்கிறார் பார். பழகலையாம். நான் மட்டும் பொறந்ததுலேருந்தே பழகிட்டு வந்தேனா? ராத்திரி கதவு தட்டினா யாருன்னு கேக்க, காய்ச்சல்ல கெடந்தாலும் எழுந்து போயி சோளம்னு சொல்ல, இப்ப வெளியூர்ல இருக்கிற பிள்ள பொறந்தப்ப பேர் வெக்க அப்பன் இல்லாம நிக்க - எனக்கு யாரு பழக்கிவிட்டா? வெளிய சொல்லல. நோன்பு நேரத்துல வாயக் கெடுத்துக்க வேண்டாம்னு இதுல எழுதறேன். இந்த ஆளு திரும்பப் போனா நான் தாங்க மாட்டேன். அவ்வளவுதான். அதுக்கு மேல எழுத வரல.


மார்ச் 13

ஏட்டை நோன்பு திறக்கக் கூப்பிட்டேன். சோறு போட்டுச் சம்மதிக்கவைக்கலாம், நிபந்தனையைத் தளர்த்திக்கொள்வார் என்று கணக்கு. இவரிடமும் முன்கூட்டியே சொல்லி வைத்தேன், ஏட்டு வருகிறார், விருந்தாளியாக வருகிறார் என்று. தலையாட்டினார். புதுச் சட்டைகூடப் போட்டுக்கொண்டார்.

பாங்கு சொல்லக் கொஞ்ச நேரம் இருக்கும்போது வளைவில் அந்தப் பழைய கார் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கிறேன், ஆள் இல்லை. புதுச் சட்டையோடு குதிருக்குப் பின்னால்.

ஏட்டு வந்து உட்கார்ந்தார். மூன்று கிண்ணத்தில் ஹரீரா சூப், பேரீச்சம்பழம், அவித்த முட்டை. பாங்கு சொன்னார்கள். ஏட்டு ஒரு பழத்தை வாயில் போட்டுக்கொண்டு மூன்றாவது கிண்ணத்தைப் பார்த்தார்.

"வீட்டுக்காரர் எங்கம்மா?"

"ஊர்ல இல்ல ஏட்டையா, தேத்துவான் போயிருக்காரு."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. குதிருக்குப் பின்னால் தும்மல். ஏட்டு என்னைப் பார்த்தார். பூனைக்குச் சளி என்று நான் சொல்லவேண்டிய இடம் இது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. விடியலிலிருந்து பச்சைத் தண்ணீர் படாத மனிதர். மன்னரே மன்னித்த மனிதர். சொந்த வீட்டில், தூசிக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இங்கே அவர் கிண்ணத்தில் ஆடை கட்டுகிறது. ஊர் முழுக்க எல்லா வீட்டிலும் இந்த நேரம் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார்கள். நானே என் வாயால் அவரைத் தேத்துவானுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன், இன்னும்.

"அவரு தேத்துவான்ல இல்ல ஏட்டையா," என்றேன். "குதிருக்குப் பின்னாடி இருக்காரு. எப்பவும் அங்கதான் இருந்தாரு. அது சோளமும் இல்ல. கஞ்சா. நான்தான் விதைச்சேன், நான்தான் அறுத்தேன், நான்தான் காயவெச்சேன். இந்த மலையிலேயே என்னோடதுதான் ஒசத்தி. போதுமா?"

கடைசி வரி தேவையில்லாததுதான். வாய் திறந்துகொண்டால் அப்படித்தான்.

ஏட்டு கேலி செய்யவில்லை. குதிர் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார், "அயாஷி, சூப்பு ஆறுது. வந்து உக்காருப்பா."

தலையெல்லாம் தூசியோடு இவர் வெளியே வந்தார். ஏட்டுதான் முதல் பழத்தை எடுத்துக் கையில் கொடுத்தார். "நான் ஓய்வு பெத்தாச்சு. இப்ப உன்னப் புடிச்சா எனக்கு யாருய்யா படி குடுப்பா?" இவர் ஒரு சொம்புத் தண்ணீரை நிறுத்தாமல் குடித்தார். நான் அடுப்படிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். திரும்பி வந்து பார்த்தால் என் பங்கு முட்டையையும் ஏட்டு தின்றிருந்தார்.


மார்ச் 20

சாட்சி சொல்ல ஏட்டு பழைய பூட்ஸை மினுக்கிப் போட்டுக்கொண்டு வந்தார். நேராக நின்று, "மேற்படி பெண்மணியை நான் பல வருடம் நேரில் கண்காணித்தவன் என்ற முறையில்" என்று ஆரம்பித்தார். மேனேஜர் எழுந்து நின்றுவிட்டார். ஜிஹான் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டாள்.

பிறகு அதே தொட்டி. அதே கேள்வி.

"கஞ்சா," என்றேன். இரண்டாம் தடவை சுலபமாக இருக்கிறது. சுலபமாக இருந்ததால் நிறுத்த முடியவில்லை. எந்தப் பாறைக்குப் பின்னால் காயப்போடுவேன், கழுதையை எந்த வழியில் ஓட்டுவேன், கீழூரில் யார் வந்து வாங்கிப்போவார் என்று போய்க்கொண்டே இருந்தேன். ஏட்டு பூட்ஸ் காலால் என் காலை மிதித்தார்.

"போதும்மா," என்றார் மெதுவாக. "மன்னிப்பு அவ்வளவு நீளம் இல்ல."

சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள்.


மார்ச் 31, பெருநாள்

சொல்லி அனுப்பவில்லை.

விதை மூட்டை வாசலுக்கு வந்துவிட்டது. பெருநாளும் அதுவுமாக அதை நகர்த்தச் சொன்னால் சண்டை வரும். அதன்மேல் நான் ஏறி உட்கார்ந்துகொண்டேன். விருந்தாளிகள் எல்லாரையும் அங்கே உட்கார்ந்தபடியே வரவேற்றேன். மென்னானா, "என்னக்கா, முட்டை அடைகாக்கிறியா?" என்றாள்.

"நாளன்னைக்கு விதைப்பு," என்றார் இவர், என்னைப் பார்க்காமல்.


ஏப்ரல் 2

காலையில் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். மூட்டையைத் தூக்குங்கள் பார்க்கலாம் என்று நான் அதன்மேல். கீழே வண்டிச் சத்தம். மண்வெட்டி தரையில் விழுந்தது, ஆள் குதிருக்குப் பின்னால்.

ஜிஹான் வந்திருந்தாள். ஷூவில் சேறு. நாற்றங்கால் மேஸ்திரி, திங்கள்கிழமையிலிருந்து. மேனேஜருக்கு என்மேல் பயம் இருக்கிறதாம், ஆனாலும் சரி என்றாராம். அவளைக் கட்டிக்கொண்டேன். எலும்பும் தோலுமாக இருக்கிறாள், சாப்பாடு போடவேண்டும்.

வண்டி போனதும் குதிர் பக்கம் திரும்பிச் சொன்னேன், "வேலை கிடைச்சிருச்சு. வெளிய வாங்க."

"உனக்கா?"

"எனக்குத்தான்."

தும்மல். "அப்ப நான் என்ன பண்றது?"

"ரொட்டிய எப்படித் திருப்பணும்னு உங்களுக்குத்தான் தெரியுமே."

மூட்டையை அவரே அவிழ்த்தார். கோழிகளுக்கு இன்றைக்குத்தான் பெருநாள்.


ஏப்ரல் 22

கம்பெனி வண்டி காலையில் வீட்டு வாசலுக்கே வருகிறது. முதல் வாரம் முழுக்க வண்டி வருவதும் இவர் மறைவதுமாகத்தான் போனது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

இன்று முண்டாசு கட்டிக்கொண்டிருந்தேன். இவர் வாசற்படியில் டீ கிளாஸோடு. வளைவில் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இவர் முட்டி கொஞ்சம் எழும்பியது. அப்படியே நின்றது. கீழே இறங்கியது. வண்டி வந்து நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"ரஹிமு அக்கா இருக்காங்களா?"

இவர் நிதானமாக ஒரு வாய் டீ குடித்தார்.

"ஊர்ல இல்லப்பா," என்றார். "தேத்துவான் போயிருக்கா."

நான் உள்ளேயிருந்து பலமாகத் தும்மினேன்.

டிரைவருக்கு ஒன்றும் புரியவில்லை. இவர் சிரித்த சிரிப்பில் டீ சட்டையெல்லாம் கொட்டியது. நான் வண்டியில் ஏறி, வளைவில் திரும்பிப் பார்த்தேன். இன்னும் வெளியேதான் உட்கார்ந்திருந்தார், சாலையைப் பார்த்தபடி.